சட்டைப் பையில் இருந்த கடிதம்

மாமா பட்டாளத்தில் சேர்ந்ததை அம்மா மன்னிக்கவே இல்லை. அம்மாவுக்கு ஒன்பது வயது இளையவர் அவர். தாய் தகப்பன் போன பிறகு அம்மாதான் அவரை வளர்த்தாள். கல்யாணமாகிப் பிள்ளைப்பாக்கம் வந்தபோது சீர்வரிசையோடு தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்தாள் என்று அப்பா கேலி செய்வார். அந்தத் தம்பி, காஞ்சிபுரத்தில் சினிமா பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போய், ஆளெடுப்பில் நின்று தேறிவிட்டு வந்தார். இரண்டு வருடம் கழித்து, இலங்கைக்கு அனுப்புகிறார்கள் என்று சொல்ல லீவில் வந்தபோது அம்மா வழியனுப்ப வாசலுக்குக்கூட வரவில்லை. அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தபடியே, "என்னைக் கேட்டுகினா சேந்த? போ" என்றாள்.

அங்கிருந்து மாமா எழுதிக்கொண்டே இருந்தார். அப்பா கடிதத்தைப் பிரித்து உரக்கப் படிப்பார். அம்மா காதில் விழாதவள்போல அரிசி புடைத்துக்கொண்டிருப்பாள். அந்த நேரத்தில் மட்டும் முறம் சத்தமில்லாமல் அசையும். பதில் போடச் சொன்னால் எழுந்து போய்விடுவாள்.

எனக்கு எட்டு வயதான ஐப்பசியில் ஒருநாள் அம்மா தானாகவே ஒரு இன்லண்ட் லெட்டர் எழுதினாள். ஒட்டி என்னிடம் கொடுத்து, பள்ளிக்கூடம் போகிற வழியில் தபால்பெட்டியில் போடச் சொன்னாள். அன்று ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்து, உபரித் தண்ணீர் கழனிப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் எல்லாம் கெண்டை பிடித்தார்கள். கடிதத்தைப் பாவாடை இடுப்பில் செருகிக்கொண்டு நானும் இறங்கினேன். குனிந்து நிமிர்வதற்குள் கடிதம் தண்ணீரில் போய்க்கொண்டிருந்தது. கரையோடு கொஞ்ச தூரம் ஓடிப் பார்த்தேன். நீல மை கரைந்தது கண்ணுக்குத் தெரிந்தது. சாயங்காலம் அம்மா கேட்டாள். போட்டுவிட்டேன் என்றேன்.

மூன்று வாரத்தில் தந்தி வந்தது. மாமாவை அங்கேயே எரித்துவிட்டார்கள். எங்களுக்கு வந்தது ஒரு கறுப்புத் தகரப் பெட்டிதான். அம்மா அதிலிருந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து உதறினாள், மடித்தாள், மறுபடியும் உதறினாள். பெட்டியின் அடியில் விரித்திருந்த பேப்பரைக்கூடத் தூக்கிப் பார்த்தாள். தம்பியின் வாசனையைத் தேடுகிறாள் என்று சொல்லி எல்லாரும் அழுதார்கள். அவள் எதைத் தேடினாள் என்பது எனக்கு மட்டும் தெரியும். அன்றிலிருந்து தபால்காரர் சைக்கிள் தெருவில் திரும்பினாலே நான் வைக்கோல் போருக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். ஊரில் போடாத கடிதங்களின் கணக்கு அவரிடம் இருக்கும் என்று நம்பினேன்.

தொண்ணூற்றொன்றில் பொங்கல் முடிந்த வாரம், ஒட்ட வெட்டிய தலையோடு ஒருவர் வீட்டைக் கேட்டுக்கொண்டு வந்தார். வேலூர்ப் பக்கத்துக்காரர். மாமாவோடு ஒரே கூடாரத்தில் இருந்தவராம். மாமா சப்பாத்தியை எப்படிக் கருக்குவார், பாட்டென்ற பெயரில் எப்படிக் கத்துவார் என்றெல்லாம் அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மாமா போன வண்டி கண்ணிவெடியில் சிக்கியதையும் சொன்னார். ஒரு நொடிதான், வலி தெரிந்திருக்காது என்றார். அம்மா கதவோரம் நின்றாள். அவர் சாப்பிட உட்கார்ந்தபோதுதான், ரசப் பாத்திரத்தோடு வந்து நின்றுகொண்டு கேட்டாள்.

"தம்பி, கடைசியா அவனுக்கு ஒரு லெட்டர் போட்டேன். கோவம்லாம் ஒண்ணும் இல்ல, லீவு குடுத்தா நேரா வூட்டுக்கு வான்னு எழுதியிருந்தேன். வந்துச்சா?"

நான் கதவுக்குப் பின்னால் ஒண்டினேன். பிசைந்த சோறு அவர் கையிலேயே இருந்தது.

"வந்துச்சுக்கா" என்றார். "எங்கிட்டகூடக் காட்டினான். சட்டைப் பையிலயே வச்சிகினு சுத்தினான். அதோடதான் போனான்."

அம்மா பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். வாய்விட்டு அழுதாள். தந்தி வந்த அன்றுகூட அவள் அப்படி அழவில்லை என்று அப்பா பிறகு சொன்னார். அழுது முடித்து, முகம் கழுவிக்கொண்டு வந்து, வேண்டாம் வேண்டாம் என்றவருக்கு இன்னும் இரண்டு கரண்டி சோறு போட்டாள். சப்பாத்திக் கதையை மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டுச் சிரித்தாள். அவள் சிரித்து ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது.

எனக்கோ தலையிலிருந்து ஒரு மூட்டையை யாரோ இறக்கி வைத்ததுபோல இருந்தது. கழனியில் யாரோ அந்தக் கடிதத்தை எடுத்து, வெயிலில் காயவைத்து, விலாசத்தைத் தடவித் தடவிப் படித்துப் பெட்டியில் போட்டிருக்கிறார்கள். வேறு எப்படிப் போயிருக்கும்? தபால் இலாகாவின் மேல் எனக்கு ஏற்பட்ட மரியாதை கொஞ்சநஞ்சமல்ல.

அவரைப் பஸ் ஏற்றிவிடப் போனோம். அப்பா அவர் பையைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு முன்னால் போனார். நானும் அவரும் பின்னால் நடந்தோம்.

"பாப்பா, அந்த லெட்டரைப் பெட்டியில யாரு போட்டது?" என்று மெதுவாகக் கேட்டார்.

நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். கை தானாகப் பாவாடை இடுப்பைப் பிடித்துக்கொண்டது. அவர் நின்று என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் உயரத்துக்குக் குனிந்தார்.

"நீதான் போட்ட. அது வந்து சேந்துச்சு. அம்மா எப்ப கேட்டாலும் அப்படியே சொல்லு, இன்னா?"

தலையாட்டினேன். என்னைப் பாராட்டுகிறார் என்றுதான் நினைத்தேன். அந்தப் பாராட்டில் பாதியாவது கடிதத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்த அந்த யாரோ ஒருவருக்குப் போக வேண்டும் என்றும் மனசுக்குள் உறுத்தியது. பஸ் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் போய் மறையும்வரை அவருக்குக் கையாட்டினேன். அந்த ஒருவர் யார் என்று எனக்கு அன்று தெரியவில்லை.