பூஜையில் வைத்த பந்து

கண்டோன்மெண்டில் பெரிய மனிதர்கள் கூடும் கிளப் ஒன்றில் அற்புதசாமி மார்க்கராக, அதாவது ஆட்டக் கூடத்துப் பணியாளாக இருந்தார். மருங்காபுரிப் பக்கம் மழையில்லாமல் நிலம் கைவிட்டபின் திருச்சிக்கு வந்தவர். அந்தக் கிளப்பில் வெள்ளைக்காரன் விட்டுப்போன பவுலிங் கூடம் ஒன்று இருந்தது. நீளமான பலகைத் தளத்தில் கனத்த பந்தை உருட்டி, கோடியில் நிற்கும் பத்துக் கட்டைகளைச் சாய்க்க வேண்டும். சாய்ப்பது மெம்பர்கள், நிமிர்த்துவது அற்புதசாமி. பதினோரு வருஷமாக நிமிர்த்துகிறார், இன்னும் டெம்பரரிதான்.

கட்டையை யார் வேண்டுமானாலும் நிமிர்த்தலாம். பந்தைப் பதம் பண்ண அவர் ஒருவரால்தான் முடியும். பலகையில் எண்ணெய் கனமாக இருந்தால் பந்து வழுக்கிக்கொண்டு ஓடிவிடும். அதற்கு உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்க வேண்டும். பலகை காய்ந்திருந்தால் அதே சொரசொரப்பு பாதி வழியிலேயே பிடித்துக்கொண்டு பந்தைத் திருப்பிவிடும். அப்போது மெழுகு போட்டு வழவழப்பாக்க வேண்டும். உள்ளங்கையால் ஒரு தடவு தடவினாலே அவருக்குத் தெரிந்துவிடும்.

1979-இல் கிளப் செக்ரட்டரி வீரமலை ஒரு வாக்குக் கொடுத்தார். நாலு பஸ்ஸுக்கு முதலாளி, வாய்க்கு என்ன பஞ்சம்!

"விஜயதசமிக் கப்பை நான் ஜெயிச்சா அன்னைக்கே உன்னைப் பெர்மனெண்ட் பண்றேன். பின்னாடி இருக்கிற க்வார்ட்டர்ஸ் உனக்குத்தான்."

பாலக்கரையில் வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லி நெருக்கிக்கொண்டிருந்த நேரம். அற்புதசாமியின் மனைவி சகாயம்மாள் அன்றைக்கே பாத்திரங்களைச் சாக்கில் கட்ட ஆரம்பித்துவிட்டாள்.

ஆயுத பூஜையன்று காலையில் அற்புதசாமி பலகைக்குத் தாராளமாக எண்ணெய் போட்டார். அதற்கேற்றபடி வீரமலையின் பந்தைச் சொரசொரப்பாக்கினார். மத்தியானம் பந்து, உப்புத்தாள், மெழுகு, எண்ணெய் டின் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து சரஸ்வதி படத்தின் முன்னால் அடுக்கினார்கள். பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜை ஆகும்வரை யாரும் தொடக்கூடாது. அதோடு விட்டிருந்தால் ஒன்றும் கெட்டுப்போயிருக்காது. அற்புதசாமி வீட்டுக்குப் போனபின், சீஃப் கெஸ்ட் வருகிறாரே என்று வீரமலை கூடத்தைச் சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவச் சொல்லிவிட்டார். பலகையையும் சேர்த்துத்தான். என்ன புத்தியோ!

மறுநாள் அற்புதசாமி பலகையைத் தடவிப் பார்த்தார். ஒரு பொட்டு எண்ணெய் இல்லை. கடை எண்ணெய் பலகைக்கு ஆகாது. ஆகிற எண்ணெய் மாலையும் பொட்டுமாக சாமி முன்னால் உட்கார்ந்திருந்தது. வீரமலையிடம் ஓடினார்.

"ஐயா, பலகை காஞ்சு கெடக்குங்க. பந்தைக் குடுத்தீங்கன்னா மெழுகு போட்டுடறேங்க."

"சாமிக்கு வச்சதைத் தொடுவியா? சர்ச்சுக்குப் போற வேதக்காரனுக்கு இதோட அருமை எங்கே தெரியப் போவுது! தள்ளிப் போ."

ஸ்ரீரங்கத்திலிருந்து சாஸ்திரிகள் வந்து மறுபூஜை முடிக்க மாலை ஆறாகிவிட்டது. கற்பூரம் அணைந்த கையோடு ஆட்டம். அற்புதசாமி மறுபடியும் பக்கத்தில் போய், "ரெண்டே நிமிஷங்க" என்று கெஞ்சினார்.

வீரமலை சபைக்குக் கேட்கும்படி சொன்னார்: "இவன் தேய்ச்சுக் குடுத்தாத்தான் எனக்கு உருட்ட வருமாம், கேட்டீங்களா!"

சபை சிரித்தது. வீரமலை பந்திலிருந்த பொட்டைக்கூடத் துடைக்காமல் உருட்டினார். பந்து பாதி தூரம் போய் வெடுக்கென்று இடது பக்கம் திரும்பி ஓரக் கால்வாயில் விழுந்தது. அடுத்ததும் அங்கேதான் விழுந்தது. சபை இப்போது இன்னும் நன்றாகச் சிரித்தது.

கப்பை வாங்கியது டோரதி அம்மாள், ரயில்வே ஆபீசர் ஒருவரின் விதவை. அவள் பந்து வீட்டிலிருந்து வந்தது, பூஜையில் அகப்படவில்லை. மைக்கைப் பிடித்தவள் சும்மா இருந்திருக்கலாம்.

"இந்தக் கப்பு என்னுது இல்லைங்க. போன வாரம் அற்புதசாமி மெழுகு போட்டுக் குடுத்த பந்துதான் ஜெயிச்சுது!"

நல்ல மனசோடுதான் சொன்னாள். அந்த நல்ல மனசு நாசமாய்ப் போக.

முதலில் கைதட்டியது வீரமலைதான். "அப்ப ஆளையும் நீங்களே கூட்டிட்டுப் போயிடுங்கம்மா. நாளையிலேருந்து அவன் இங்க வர வேண்டாம்."

அற்புதசாமி டோரதி அம்மாளின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஐயையோ, என்கிட்ட ஒரே ஒரு பந்துதானே இருக்கு!" என்றாள் அவள், கப்பைத் தூக்கிப் பிடித்தபடி.

கூடமே சிரித்தது. மெம்பர்கள் சிரித்தால் கூடச் சிரிப்பது அற்புதசாமிக்குப் பழக்கம். அவரும் சிரித்துவிட்டார்.