குதிரை மெத்தைப் புல்

எங்கள் சரிவின் மேற்பாதியைப் பசுமையாக்கியது என் மாமாவின் பொதிக்குதிரைதான் என்று குரங்கணியில் வெகுகாலம் பேசிக்கொண்டார்கள். அப்பேச்சை நான் மறுத்ததே இல்லை. எழுபதுகளின் பிற்பகுதியில், எனக்குப் பத்து வயது நடந்தபோது, நான் செய்த ஒரு குற்றத்தின் விளைச்சல் அப்புகழ்.

அதற்கு முந்திய இரண்டு ஆண்டுகளும் மழை பொய்த்தது. ஏலத்தோட்டத்துக்குக் கீழே இருந்த எங்கள் மேய்ச்சல் சரிவில் புல் வேரோடு தீய்ந்து, செம்மண்ணும் பாறையுமே எஞ்சின. வீட்டில் இரண்டு பசுக்கள். தீபாவளிக்குள் சரிவில் புல் தலைகாட்டாவிட்டால் அவற்றைத் தரகரிடம் பிடித்துக் கொடுத்துவிடுவது என்று அப்பா முடிவு செய்தார். அப்பா முடிவு செய்துவிட்டால் அம்மா வாதாடுவதில்லை; வேலையில் இறங்கிவிடுவாள். புரட்டாசியில் அடிவாரத்துச் சிலமலைக்குப் போய், கிணற்றுப் பாசன வரப்போரங்களில் அப்போதுதான் முற்றியிருந்த கொழுக்கட்டைப் புல்லின் கதிர்களை உருவி இரண்டு சாக்குகளில் கொண்டுவந்தாள். சரிவின் கீழ்ப்பாதியைத் தனக்கு வைத்துக்கொண்டு மேற்பாதியை என்னிடம் ஒப்படைத்தாள்.

"வெரசாத் தூவிட்டு வந்துரு. ஓடைப் பக்கம் போகாத."

ஓடைப் பக்கம்தான் போனேன். சாக்கை வாய் திறந்தபடி பாறைமேல் வைத்துவிட்டு, வற்றாமல் கிடந்த ஒரு குட்டையில் நண்டு தேடினேன். திரும்பி வந்தபோது சாக்கு தட்டையாகக் கிடந்தது. பஞ்சைப் போல் இலேசான அக்கதிர்களை மலைக்காற்று அள்ளிப் பள்ளத்தாக்குக்குக் கொண்டுபோயிருந்தது.

அழுவதற்கும் நேரமில்லை. ஜீப்பு ஏறாத தோட்டங்களிலிருந்து ஏலமூட்டைகளைக் குதிரைமேல் இறக்கிவருவது மாமாவின் தொழில். குதிரையின் முதுகு புண்படாதிருக்க, இதே புல்லின் கதிர்களைக் கோணியில் அடைத்துச் சேணத்தின் அடியில் இடும் மெத்தையாகத் தைத்துக்கொள்வார். ஓராண்டுக் காலம் பாரத்துக்கு அடியில் கசங்கி, உதவாதென்று ஒதுக்கப்பட்ட மெத்தை ஒன்று அவர் லாயத்தின் மூலையில் கிடந்தது. அரிவாளால் அதன் தையலைப் பிரித்தேன். குதிரை வியர்வை நாறிய, பாதி பொடியாகிப்போன அக்குப்பையைச் சாக்கில் திணித்துக்கொண்டு போய் மேற்பாதி முழுவதும் தூவினேன். முளைக்கும் என்ற நம்பிக்கை எனக்கு அணுவளவும் இல்லை. வெறுஞ்சாக்கோடு வீடு திரும்ப ஒரு நியாயம் வேண்டியிருந்தது, அவ்வளவே.

முதல் மழை பெய்தது. ஏழாம் நாள் மேற்பாதியில் பச்சை மயிரிழைபோல் சில முளைகள் தெரிந்தன, கீழ்ப்பாதியில் ஒன்றுமில்லை. பின்னர்ப் பதினைந்து நாள் சுட்டெரித்த வெயிலில் அம்முளைகளும் கருகின. அப்பா போடிக்குப் போய்த் தரகரிடம் சொல்லிவிட்டு வந்தார். அன்றிரவே அடைமழை தொடங்கிற்று. பன்னிரண்டு நாள் மலையை மேகம் மூடிக்கொண்டது. சரிவுக்கு ஒருவரும் ஏறவில்லை. ஏறிப் பார்ப்பதற்கு அங்கே என்ன இருக்கிறது என்பது எல்லாருடைய எண்ணமும்.

மழை விட்டதும் தரகர் வந்தார். அவர் பெரிய பசுவின் கழுத்தில் தம் கயிற்றைக் கட்டியபோது அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள். அந்த வேளையில்தான் மாமா மலையிலிருந்து குதிரையோடு இறங்கி வந்தார்.

"மச்சான், கயித்த அவுங்க. மேல வந்து பாத்துட்டு அப்பறம் ஓட்டிவிடுங்க," என்றார்.

தரகர் அவிழ்த்த கயிற்றோடு வர, எல்லோரும் ஏறினோம். சரிவின் நடுவில் கோடு கிழித்தாற்போல் அதற்குக் கீழே வெற்றுமண். மேலே, பாறை இடுக்குகள் உட்பட, கணுக்கால் மறையும் பசும்புல். அப்பா குனிந்து அதைக் கையால் தடவினார். மாமாவோ ஒரு தூரின் அடியிலிருந்து எதையோ எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். செம்பட்டை மயிர்க்கற்றை.

"ஆத்தா, இது நம்ம குதிரை மயிருல்ல?" என்று என் பக்கம் திரும்பினார்.

நண்டு முதல் அரிவாள் வரை அழுதுகொண்டே சொல்லி முடித்தேன். அறை விழும் என்று கன்னத்தைப் பொத்திக்கொண்டேன். அம்மா மேற்பாதியைப் பார்த்தாள், கீழ்ப்பாதியைப் பார்த்தாள்.

"ரெண்டு சாக்கையும் ஒங்கிட்டயே குடுத்துருக்கணும்டி," என்றாள்.

அப்பா சிரித்ததை அன்றுதான் நான் அருகிலிருந்து கண்டேன். தரகர் தம் கயிற்றைச் சுருட்டியபடி, இனி இதை வைத்துத் தான் என்ன செய்வது என்று கேட்டார்.

"எங் குதிரைக்கி மாலையாப் போடலாம், கொண்டாங்க," என்றார் மாமா.

அன்று மாலையே பசுக்கள் மேற்பாதியின் ஓரத்தில் மேய்ந்தன. தேவாரம் ஊரிலிருந்துகூடப் பழைய மெத்தை கேட்டு ஆட்கள் வந்தார்கள். குதிரையின் வியர்வைக்கே முளைக்கவைக்கும் ஆற்றல் உண்டென்று மாமா அவர்களிடம் தயங்காமல் சொன்னார். நானும் அதை நம்பினேன்.

கல்லூரியில் தாவரவியல் படித்தபோதுதான் உண்மை விளங்கிற்று. புதிதாக முற்றிய அப்புல்லின் விதை, மழையே பெய்தாலும், உமிக்குள் பல மாதங்கள் உறங்கும். வறண்ட நிலத்தில் ஒரு தூறலை நம்பி எழுந்து மடியாதிருக்க அதற்கு வாய்த்த காப்பு அது. மெத்தைக்குள் கிடந்த விதைகளுக்கு ஓராண்டு முதுமையும் வெப்பமும் உராய்வும் அவ்வுறக்கத்தைக் கலைத்திருந்தன. அவையும் ஒருசேர விழிக்கவில்லை; முதல் மழைக்கு எழாதவை இரண்டாம் மழைக்கு எழுந்தன. அடுத்த ஆண்டு அம்மாவின் கீழ்ப்பாதியும் ஒரு திட்டு விடாமல் முளைத்து, மேற்பாதியைவிட அடர்ந்து நின்றது. அதற்கும் குதிரையையே புகழ்ந்தார்கள்.

ஆனால் தரகர் வெறுங்கையோடு திரும்பிய அந்நாளில் இவை எதையும் நான் அறியேன். வெற்றிக் களிப்பில் கீழ்ப்பாதியின் குறுக்கே குதித்துக் குதித்து இறங்கினேன். பின்னால் வந்த அம்மாவைத் திரும்பிப் பார்த்தபோது, அவள் பாடு மட்டும் வீணாயிற்றே என்று எனக்கு மிகவும் இரக்கமாக இருந்தது.