கால் கோட்டுக்கு வெளியேதான் இருந்தது

மூன்று வருடங்களுக்கு முன்னால், ஓர் ஆடி மாத ஞாயிற்றுக்கிழமை மதியம் நடந்தது இது. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற வழியில் ஒரு கிராமம். கோயில் திருவிழாவையொட்டி அங்கே கபடிப் போட்டி வைத்திருந்தார்கள். நான் அந்தப் பக்கத்தில் ஓர் அரசு பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர். எங்கள் கபடி அணியின் பன்னிரண்டு பெண்களையும் டவுன் பஸ்ஸில் ஏற்றி அங்கே கூட்டிப் போயிருந்தேன்.

போனதற்கு ஒரே காரணம், அன்று ஆட வந்திருந்த ஒருவர். எங்கள் மாவட்டத்துக்காரர், டிவியில் ஆடுகிறவர். பெயர் வேண்டாம், சொன்னால் உங்களுக்கும் தெரிந்திருக்கும். திருவிழாவுக்காக ஊருக்கு வந்தவர், உள்ளூர் அணிக்காக ஒரு ஆட்டம் ஆடச் சம்மதித்திருந்தார். என் பெண்கள் ஒரு வாரமாக அவர் பேச்சாகவே இருந்தார்கள். அவர் தொடையைத் தட்டுகிற மாதிரி தட்டுவது, அவர் திரும்புகிற மாதிரி திரும்புவது. “நல்லா கவனிச்சிப் பாருங்கடி, அவர் செய்யற ஒவ்வொண்ணையும் பாருங்க” என்று பஸ்ஸில் வைத்துச் சொன்னது நான்தான்.

டீச்சர் என்பதால் எனக்குக் கோட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். பெண்கள் என் காலடியில் தரையில் உட்கார்ந்தார்கள். புழுதி பறக்காமல் இருக்க மண்ணில் தண்ணீர் தெளித்து, சுண்ணாம்பில் கோடு போட்டிருந்தார்கள்.

இறுதி ஆட்டம். முடிய இரண்டு மூன்று நிமிடங்கள்தான் பாக்கி. அவர் ‘கபடி கபடி’ என்று பாடிப் போனார். எதிரணியில் இரண்டு பேரைத் தொட்டுவிட்டு, பிடிக்க வந்தவனிடமிருந்து உருவிக்கொண்டு என் பக்கமாகத் துள்ளினார். அவருடைய வலது குதிகால் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி ஈர மண்ணில் அழுத்தமாகப் பதிந்தது. எனக்கு நாலடி தூரத்தில் நடந்தது அது. விசில் ஊதியது. நடுவர் கையைக் காட்டி, அவுட் என்றார்.

அந்த நடுவர் கல்வராயன் மலைக்காரர். மலைமேல் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியர். ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். வட்டாரப் போட்டிகளில் பலமுறை பார்த்திருக்கிறேன். அன்று அவர், எதிர்த்துக்கொண்டு வந்த வீரருக்குக் குனிந்து அந்தக் கால் தடத்தைக் காட்டினார்.

வீரர் அந்தத் தடத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தன் காலாலேயே அதைத் தேய்த்து அழித்தார். பிறகு நடுவர் கழுத்தில் தொங்கிய விசிலைக் கயிற்றோடு பிடுங்கிக் கூட்டத்துக்குள் எறிந்தார். “மலையிலேர்ந்து எறங்கி வந்து எனக்கு ரூலு சொல்றியா நீ?”

கூட்டம் சிரித்தது. நாலு பேர் இல்லை, மொத்தக் கூட்டமும். விசிலடித்தார்கள், துண்டைச் சுழற்றினார்கள். விழாக் கமிட்டிக்காரர்கள் ஓடிவந்தார்கள். வீரரிடம் ஏதாவது சொல்வார்கள் என்று பார்த்தால், நடுவரின் தோளைத் தொட்டு ஓரமாகக் கூட்டிப் போனார்கள். “அம்பயர மாத்தியாச்சு, எல்லாரும் அமைதியா ஒக்காருங்க” என்று மைக்கில் ஒரு குரல் வந்தது. புதிதாக வந்தவர் அந்த இரண்டு புள்ளிகளையும் கொடுத்தார். உள்ளூர் அணி ஜெயித்தது. மலைக்காரர் தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப் பக்கம் நடந்து போவதைப் பார்த்தேன்.

நான் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. கால் வெளியே பட்டது என்று எழுந்து சொல்ல எனக்கு ஐந்து விநாடி போதும். சொல்லவில்லை. பரிசு கொடுத்து முடித்ததும், பெண்கள் கெஞ்சுகிறார்கள் என்று அவர் பக்கத்தில் நின்று குரூப் போட்டோ எடுத்துக்கொண்டேன். மறுநாள் அதைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுப் பள்ளி நோட்டீஸ் போர்டில் ஒட்டியதும் நான்தான்.

என் அணியில் இரண்டு பெண்கள் மலைக்காரப் பெண்கள், விடுதியில் தங்கிப் படித்தவர்கள். அதில் ஒருத்தி பிளஸ் ஒன். அவள்தான் எங்கள் அணியிலேயே நன்றாகப் பாடிப் போகிறவள். திரும்பி வரும்போது பஸ்ஸே கலகலவென்று இருந்தது. அவர்கள் இருவர் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்கள். களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

புதன்கிழமை மாலை பயிற்சி. ஆளுக்கு ஒரு நாள் நடுவராக இருக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அன்று அந்த பிளஸ் ஒன் மலைப் பெண்ணின் முறை. பாடிப் போன ஒருத்தி கோட்டை மிதித்தாள், இவள் விசில் ஊதினாள். அவ்வளவுதான். மிதித்தவள் நேராக வந்து, இவள் கழுத்திலிருந்த விசிலைப் பிடுங்கி எறிந்துவிட்டு, “மலையிலேர்ந்து எறங்கி வந்து எனக்கு ரூலு சொல்றியா நீ?” என்றாள். அதே ராகம், அதே தலைச் சாய்ப்பு. மற்ற பெண்களும் அதே மாதிரி சிரித்தார்கள்.

ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். “எங்கடி கத்துக்கின இதை?” என்று கத்தினேன்.

அவள் திமிராகப் பதில் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நிஜமாகவே குழம்பிப்போய் என்னைப் பார்த்தாள். “அந்த அண்ணன் சொன்னப்போ நீங்க ஒண்ணும் சொல்லலியே டீச்சர். அப்பறம் போட்டோகூட எடுத்துக்கினோமே.”

அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. மறுநாள் விடுதிக்குப் போனால், மலைப் பெண்ணின் படுக்கை சுருட்டிக் கிடந்தது. காலையிலேயே அவள் அப்பா வந்து கூட்டிப் போய்விட்டாராம். பள்ளிகளுக்கு இடையிலான குறுவட்டப் போட்டிக்குப் பத்து நாள்தான் இருந்தது. ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் போட்டி நினைவுக்கே வரவில்லை. அவள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் பெண் அவள். இப்படிப் பாதியில் மலைக்குப் போகிற பிள்ளைகளில் எத்தனை பேர் திரும்பி வருவார்கள் என்று எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை அந்த வீரர் வீட்டுக்குப் போனேன். இன்னும் ஊரில்தான் இருந்தார். அவர் தெரு முனையில் ஒரு பெரிய பேனர். சத்துப்பானப் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார், கீழே ‘என்னைப் போல வளரணுமா?’ என்று கொட்டை எழுத்தில். வீட்டில் மரியாதையாகத்தான் உட்கார வைத்தார்கள். அவருடைய அம்மா டீ கொடுத்தார். நடந்ததையெல்லாம் சொல்லி, “அந்த சார்கிட்ட ஒரு வார்த்த மன்னிப்பு கேட்டுடுங்க தம்பி. எங்க ஸ்கூலுக்கு வந்து பசங்ககிட்ட, நான் செஞ்சது தப்புன்னு சொல்லுங்க. போதும்” என்றேன்.

அவர் கோபப்படவில்லை. “டீச்சர், வெளயாட்டுன்னா சூடு இருக்கும். அந்த நேரத்துல வாயில இன்னா வருதுன்னு யாருக்குத் தெரியும்? நான் கபடி ஆடறவன். உங்க பசங்கள வளக்கறது என் வேல இல்ல” என்றார்.

“தெரு முனையில பாட்டிலப் புடிச்சிக்கினு என்னைப் போல வளரணுமான்னு கேக்கறீங்களே, அது யாரக் கேக்கறீங்க?”

“அது வெளம்பரம்.”

“பாட்டில் விக்கறதுக்கு மட்டும் பசங்க உங்களப் பாக்கணும், மத்த நேரத்துல கண்ண மூடிக்கணுமா?”

கொஞ்ச நேரம் போனை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து சொன்னார். “நீங்களும் அங்கதான ஒக்காந்துகினு இருந்தீங்க. தப்புன்னு தெரிஞ்சா அப்பவே எழுந்து சொல்றது. சொல்லல. அப்பறம் வந்து எம்பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கினீங்க. இப்ப வூடு தேடி வந்து எனக்குப் பாடம் எடுக்கறீங்க.”

டீயை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அவர் சொன்னது உண்மை. ஆனால் தான் தப்பித்துக்கொள்வதற்காக அந்த உண்மையைச் சொன்னாரே, அதை நினைத்தால் இன்றைக்கும் எரிகிறது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தது என் தப்பு. அதனால் அவர் தப்பு எப்படிக் கரையும்?

ஞாயிற்றுக்கிழமை விடியலில் பஸ் ஏறி, கோமுகி அணையைத் தாண்டி, வளைவு வளைவாக மலை ஏறினேன். வெள்ளிமலையில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் கொஞ்ச தூரம், பிறகு நடை. அந்தப் பெண் அப்பா அம்மாவோடு சாமைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள், ஆனால் கிட்டே வரவில்லை.

அவள் அப்பா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். நான் சமாதானமாக என்னென்னவோ சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “கீழ எங்கள இன்னா சொன்னாலும் எங்களுக்குப் பழகிப்போச்சிங்க டீச்சர். அவளுக்கும் அது பழகிடக் கூடாதுன்னுதான் கூட்டிக்கினு வந்துட்டேன்” என்றார்.

அப்போதுதான் அந்தப் பெண் வாயைத் திறந்தாள். “டீச்சர், அந்த அண்ணனோட கால் வெளிய பட்டுது. நானும் பாத்தேன். நீங்க பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

“சார்கிட்ட சொன்னீங்களா?”

அந்த நடுவர் இருந்த ஊர் அங்கிருந்து இரண்டு மைல். அவளும் கூடவே வந்தாள். அவர் பள்ளி மைதானத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். செருப்பில்லாமல் ஓடுகிற பிள்ளைகளின் காலில் குத்துமே என்று ஞாயிற்றுக்கிழமைகளில் அதைச் செய்வாராம். நின்றபடியே சொன்னேன். “சார், அன்னைக்கு அவர் கால் கோட்டுக்கு வெளியதான் இருந்துது. நான் பக்கத்துலயே ஒக்காந்து பாத்தேன். சொல்லாம இருந்துட்டேன். மன்னிச்சிடுங்க.”

அவர் கையிலிருந்த கற்களை ஓரமாகக் கொட்டினார். “எனக்குத் தெரியும் டீச்சர், நான் பாத்துதான ஊதினேன். இங்க வந்து எங்கிட்ட சொல்றதுல இன்னா இருக்கு? அங்க எழுந்து சொல்லியிருந்தீங்கன்னா அந்த ஜனத்துக்குத் தெரிஞ்சிருக்கும்” என்றார். குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் மைக்கைக் கேட்டு வாங்கினேன். தலைமையாசிரியைக்கு இஷ்டமில்லை, பெரிய இடத்து விவகாரம் எதற்கு என்றார். இருந்தாலும் சொன்னேன். நான் என்ன பார்த்தேன், ஏன் சும்மா இருந்தேன், எதற்குப் போய்ப் பக்கத்தில் நின்று சிரித்தேன், எல்லாவற்றையும் அத்தனை பெண்கள் முன்னாலும் சொன்னேன். அந்தப் போட்டோவை நோட்டீஸ் போர்டிலிருந்து நானே கிழித்தேன். விழாக் கமிட்டிக்கும், நான் பார்த்த சாட்சி என்று கையெழுத்துப் போட்டுப் பதிவுத் தபாலில் எழுதினேன். பதில் வரவில்லை. ஒருவர் மட்டும் போன் செய்து, முடிந்து போனதை எதற்குக் கிளறுகிறீர்கள் என்று கேட்டார். யாருக்கு முடிந்து போனது என்று நான் திருப்பிக் கேட்டேன், போனை வைத்துவிட்டார்.

அந்த வருடம் குறுவட்டத்தில் முதல் ஆட்டத்திலேயே தோற்றோம். அவள் இல்லாமல் வேறென்ன நடக்கும்? நான் மைக்கில் பேசியது, கூடப் படித்த மற்ற மலைப் பெண் மூலமாக மேலே எட்டியிருக்கிறது. மூன்று வாரம் கழித்து அவள் அப்பா அவளைக் கூட்டிக்கொண்டு வந்தார். விடுதி வாசலில் பையை இறக்கி வைத்துவிட்டு, தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார். விசிலைப் பிடுங்கியவள் அவளிடம் மன்னிப்புக் கேட்டாள். இருவரும் அதற்குப் பிறகு சேர்ந்து ஆடினார்கள், ஆனால் சிநேகிதிகள் ஆகவில்லை. சில காயங்கள் அப்படித்தான். மலைப் பெண் பிளஸ் டூ முடித்து இப்போது திருக்கோவிலூரில் கல்லூரியில் படிக்கிறாள், அங்கே அணித் தலைவியும் அவள்தான்.

அந்த வீரருக்கு மட்டும் எதுவும் ஆகவில்லை. மறு வருடமும் அதே ஊரில் அவருக்கு மாலை போட்டார்கள். அந்த நடுவரை மட்டும் அதற்குப் பிறகு அங்கே கூப்பிடவேயில்லை.

விளையாடுகிறவன் விளையாடட்டும், அவனிடம் போய் ஒழுக்கத்தை எல்லாம் எதற்கு எதிர்பார்க்கிறீர்கள் என்று இன்றும் யாராவது சொல்வார்கள். கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவர் ஒப்புக்கொண்டாலும் ஒப்புக்கொள்ளாவிட்டாலும், ஞாயிற்றுக்கிழமை அவர் செய்ததைப் புதன்கிழமை ஒரு பள்ளிக்கூடப் பெண் அச்சுப் பிசகாமல் செய்தாள். அதனால் ஒரு பிள்ளையின் படிப்பே போகவிருந்தது. அதற்கு அவரும் பதில் சொல்ல வேண்டும், கை தட்டியவர்களும் சொல்ல வேண்டும், பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நானும் சொல்ல வேண்டும். தாமதமாகத்தான் என்றாலும் நான் சொல்லிவிட்டேன். அவர் இன்னும் சொல்லவில்லை, அவர் சொல்லும்வரை நான் கேட்டுக்கொண்டுதான் இருப்பேன்.