மஞ்சள் தண்ணீர் குடித்த உறை

மஞ்சள் தண்ணீர் வாசம் எனக்கு ஆகாது. மங்கலமான ஒன்றைப் பற்றி இப்படி எழுதுவது தப்புதான். ஆனாலும் போன வாரம் சிநேகிதர் ஒருவரின் புதுமனை புகுவிழாவில், மாவிலையிலிருந்து ஒரு சொட்டு சட்டையில் விழுந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டேன். “சாம்பிராணிப் புகை ஒத்துக்கலீங்களா?” என்றார், பாவம். ஆமாம் என்றேன். உங்களிடம் உண்மையைச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளில் கணபதி என்ற ஊரில் ஒரு தோல் பட்டறையில் இருந்தேன். எங்கள் வம்சத்தில் முதலில் கல்லூரி பார்த்தவன், படித்தது வரலாறு. அந்தப் படிப்புக்குக் கிடைத்த வேலை, பழங்கால மாதிரியில் வாளுக்கும் கத்திக்கும் உறை, இடுப்பில் தொங்கும் சுருக்குப்பை எல்லாம் தைப்பது. ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் நாறும் என்பார்கள். எனக்கு அது மழையில் நனைந்த மரத்தின் வாசம். மெழுகு தேய்த்த நூலை இரண்டு ஊசியில் கோத்து எதிரெதிரே இழுக்கும்போது தோல் மெல்ல முனகும். அதைக் கேட்டால் மதியச் சோறு மறந்துபோகும் என்று எழுத ஆசை; ஒருநாளும் மறந்ததில்லை.

காங்கேயம் பக்கத்துப் பண்ணைவீடு ஒன்றிலிருந்து பட்டறைக்காரர் ஆல்பர்ட் அண்ணனுக்கு ஒரு வேலை வந்தது. முப்பாட்டன் குறுவாளுக்கு உறை. ஆயுத பூசைக்கு உறவெல்லாம் கூடும்போது உருவிக் காட்ட வேண்டுமாம். எங்கள் ஊர் ஏரிக்கரை நடுகல்லில் நிற்கும் வீரனின் இடுப்பில் ஓர் உறை உண்டு. நுனியில் கிளிமூக்கு வளைவு. கல்மேல் தாளை வைத்துக் கரியால் தேய்த்து எடுத்துவந்தேன். அண்ணன் பார்த்துவிட்டு, “இது நல்லா அமைஞ்சா இனி மாதிரி போடறது உன்ற வேல. தையலுக்கு வேற ஆள் பாத்துக்கறேன்” என்றார்.

தைத்து, கத்தியைச் சொருகி, நானே கொண்டுபோனேன். அந்த வீட்டம்மா வாசற்படியில் நின்றார்.

“வாங்க கண்ணு. மோர் குடிக்கறீங்களா? எந்த ஊருங்க?”

சொன்னேன்.

“அங்க எந்தப் பக்கம் ஊடு?”

“பள்ளிக்கூடத்துக்குக் கெழக்கீங்க.”

திசை கேட்டார், திசை சொன்னேன். என் படிப்பு அவ்வளவுதான். மோர் வரவில்லை. “அந்தத் திட்டுல வெச்சுட்டுப் போ கண்ணு” என்றார், பாசம் குறையாமல்.

பூசை முடிந்த மறுநாள் ஆள் அனுப்பினார்கள். அண்ணனும் நானும் போனோம். மாமன் மச்சான் எல்லாம் மாறி மாறி இழுத்தும் கத்தி வெளியே வரவில்லையாம். உறை வற்றிச் சுருங்கி, எலும்பாக இறுகி, மஞ்சள் பூத்துக் கிடந்தது.

“என்ன வேல செஞ்சிருக்கறே? சபையில மானம் போச்சு” என்றார் வீட்டுக்காரர்.

“ஏனுங்க, இதத் தண்ணியில நனைச்சீங்களா?” என்றேன்.

அம்மா ஒளிக்கவில்லை. “பின்ன? மஞ்சத்தண்ணியில முக்கி, மாடியில காயப்போட்டுத்தான் உள்ள எடுத்துட்டுப் போனேன். உன்ற கை பட்டதாச்சே, கண்ணு.”

அங்கே ஒரு முகமும் மாறவில்லை. மாமன் ஒருவர் சிரித்தார்: “இழுத்து எங்க கைதான் போச்சு. கட்டுனவனே அவுக்கட்டும்.”

அதே வாசல் திட்டில் வைத்து, நான் போட்ட தையலை நானே அறுத்தேன். கத்தி துருவேறி வெளியே வந்தது. அம்மா மறுபடியும் மஞ்சள் தண்ணீருக்குச் சொம்பைத் தேடி உள்ளே போனார். உறையைக் காட்டி, “அத நீயே கொண்டுட்டுப் போ” என்றார் வீட்டுக்காரர்.

பஸ்ஸில் ஆல்பர்ட் அண்ணன் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்: “பெரிய எடம். உறை மேலதான் தப்புன்னு இருந்துட்டுப் போகட்டும். நீ தையலையே பாரு.”

இப்போது பட்டறை இருந்த இடத்தில் செல்போன் கடை. ஏரிக்கரை ரோட்டை அகலப்படுத்தியபோது நடுகல்லையும் பெயர்த்துவிட்டார்கள். எங்கே போட்டார்கள் என்று கேட்டால் ஊரில் யாருக்கும் தெரியவில்லை. அந்தக் கிளிமூக்கு வளைவு உலகத்தில் மிஞ்சியிருப்பது என் பீரோவில், அறுந்த தையலோடு. அந்தப் புதுமனை விழாவிலிருந்து வந்து அதை எடுத்து முகர்ந்தேன். தோலின் வாசம் துளியும் இல்லை. மற்றது இருக்கிறது.