அரண்மனையில் மாப்பிள்ளை தூக்கிய செருப்பு

முதல்முதலில் பனியைக் கையில் அள்ளியபோது, மீன்காரரின் ஐஸ் பெட்டிக்குள் கை விட்ட மாதிரி விரல் மரத்துப்போனது. வாசனைதான் இல்லை...

ஸ்பெயின் நாட்டில் சியரா நெவாடா என்று ஒரு மலை. உத்திரமேரூரில் நாலாவதோடு படிப்பை முடித்த நான், அங்கே குல்லா போட்டுக்கொண்டு நிற்கிறேன். பக்கத்தில் என் வீட்டுக்காரி செல்வி. புடவைக்கு மேல் ஸ்வெட்டர், காலில் பூட்ஸ்!

எங்கள் மகள் கவிதா அங்கே வேலைக்குப் போய், அந்த ஊர்ப் பையனையே கட்டிக்கொண்டாள். கல்யாணத்தை நாங்கள் போட்டோவில்தான் பார்த்தோம். செல்விக்கு அந்த வருத்தம் ஆறவே இல்லை. அவனை "அந்தப் புள்ள" என்பாள், அவ்வளவுதான். ஒவ்வொரு தடவையும் கவிதா முகம் வாடிப்போகும்.

மலையில் செல்விக்குக் கால் வழுக்கியபோது, கூட வந்த அந்தப் பிள்ளை கை நீட்டினான். இவள் என் சட்டையைப் பிடித்தாள்.

"நானே வுழப் போறேன், என்னப் புடிக்கிறியே!"

"வுழுந்தா ரெண்டு பேரும் வுழலாம், வா..."

மறுநாள் மலைக்குக் கீழே அல்ஹம்ப்ரா அரண்மனை. பூட்ஸ் கடிக்கிறதென்று செல்வி பழைய செருப்புக்கு மாறியிருந்தாள். உள்ளே வரிசையாகத் தூண், நடுவில் குளம், தண்ணீரில் கோபுரத்தின் நிழல்... நம் பெருமாள் கோயிலுக்குள் வந்த மாதிரி இருந்தது. இவள் செருப்பைத் தூண் ஓரமாக விட்டுவிட்டு, ஜில்லென்ற பளிங்கில் வெறுங்காலோடு நடக்கிறாள்!

"யம்மா, இது கோயில் இல்ல!" என்றாள் கவிதா.

"இருக்கட்டும்டி. இவ்ளோ சுத்தமா கீது, செருப்போட எப்பிடி மிதிக்கிறது?"

காவல்காரர் செருப்பைக் காட்டி முறைத்தார். அதற்குள் அந்தப் பிள்ளை குனிந்து இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு, அவள் பின்னாலேயே நடக்க ஆரம்பித்துவிட்டான்.

செல்வி திரும்பிப் பார்த்தாள்.

"ஐயையோ! மாப்ள, செருப்பத் தொடாதீங்க! கீழ போடுங்க மாப்ள!"

அரண்மனையே எங்களைத் திரும்பிப் பார்த்தது. அவனுக்குத் தெரிந்த நாலைந்து தமிழ் வார்த்தையில் "மாப்ள" ஒன்று. கவிதா எப்போதோ சொல்லிக்கொடுத்து வைத்திருந்தாளாம். செருப்பைக் கீழே போடாமல் நின்று சிரிக்கிறான். கவிதா கண்ணைத் துடைக்கிறாள்.

"இது தெரிஞ்சிருந்தா ஏர்போர்ட்லயே தூக்கச் சொல்லிருப்பேனே!" என்றேன்.

"யோவ், சும்மா கெடய்யா!"

அன்றைக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த பிள்ளைகள், நாங்கள் ஊர் திரும்பிய பிறகு போனுக்குள் இருக்கிறார்கள். செல்வியின் முதல் கேள்வி, "மாப்ள சாப்ட்டாரா?" பிறகுதான் மகள். நான் காபி கேட்டால் காது கேட்காது.

அந்தச் செருப்பை அவள் போடுவதே இல்லை. கழுவித் துடைத்து, பழைய துணியில் சுற்றி, பீரோவின் அடித்தட்டில் வைத்திருக்கிறாள். மாப்பிள்ளை கை பட்டதாம்...

நேற்று வாசலில் கிடந்த என் செருப்பில் ஒன்றை நாய் தூக்கிக்கொண்டு போனது. கேட்க ஒரு ஆள் இல்லை!