இரவல் குரல்

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றான புதிதில், சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் நான் தமிழ் டீச்சர். அரிசி மூட்டை இறக்குகிறவர்களின் சத்தம் ஜன்னல் வழியாக வகுப்புக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதை மிஞ்சிக் கத்திக் கத்தி, ஒரு மழைக்காலம் முடிவதற்குள் என் தொண்டை படுத்துவிட்டது. கொஞ்ச நாளைக்குப் பேசவே கூடாது என்று சொல்லிவிட்டார் வைத்தியர். வாயாடி என்று பேர் வாங்கியவளுக்கு இதைவிடத் தண்டனை வேண்டுமா?

அந்தச் சமயம் பார்த்துத்தான் இன்ஸ்பெக்டர் வந்து என் வகுப்பைப் பார்த்து, என் வேலையை நிரந்தரமாக்கலாமா என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. வேலை நிலைக்காவிட்டால் நாகர்கோவிலுக்குத் திரும்பி வந்து கல்யாணம் செய்துகொள் என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். எனக்கோ இந்த வகுப்பை விட்டுப் போக மனசே இல்லை. ஹெட்மிஸ்ட்ரஸ் அறைக்குப் போய், விஷயத்தைச் சிலேட்டில் எழுதிக் காட்டிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

"இதுக்கா மோளே கரையறே? நீ போர்டில எழுது. வாசிக்க நான் வரேன்" என்றார்.

அவர் மலையாளி. தமிழ் ஒரு மாதிரி பேசுவார். வாசிப்பது எழுத்துக் கூட்டித்தான். ஆனாலும் தினமும் என் பீரியடுக்கு வந்து, முன் பெஞ்சில் பிள்ளைகளோடு நெருக்கி உட்கார்ந்து, செய்யுளைத் தட்டுத் தடுமாறி வாசித்தார். "அங்க இல்ல பெரிய டீச்சர், இங்க நிறுத்தணும்!" என்று பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவரும் சமர்த்தாகத் திருத்திக்கொள்வார். நான் பொருளைப் போர்டில் எழுதுவேன். அவர்மேல் எனக்கு அப்படியொரு பிரியம் வந்தது.

இன்ஸ்பெக்டர் முன்பு ஹெட்மாஸ்டராக இருந்தவர். அவருக்கென்று சில கொள்கைகள் உண்டு. ஹெட்மாஸ்டர் வராந்தாவில் செருமினால் கடைசி வகுப்பு வரை அடங்க வேண்டும். நாற்காலியை விட்டு இறங்கினால் மரியாதையும் இறங்கிவிடும். வந்த அன்று இதைப் பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டே என் வகுப்புக்குள் நுழைந்து, பாடம் நடத்தச் சொன்னார். நான் வாயைத் திறந்தேன். வெறும் காற்றுதான் வந்தது.

"சப்தமில்லாத்த டீச்சரை எப்படி நிரந்தரமாக்கறது?" என்றார்.

கூட வந்திருந்த ஹெட்மிஸ்ட்ரஸ் ஒரு சிறுமியை நகரச் சொல்லி முன் பெஞ்சில் உட்கார்ந்தார். புத்தகத்தை விரித்து வாசிக்கத் தொடங்கினார். வழக்கம்போல இடறினார். வகுப்பு கொல்லென்று சிரித்தது. பக்கத்துச் சிறுமி திருத்தினாள். நான் பொருளைப் போர்டில் எழுதினேன்.

இன்ஸ்பெக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. "ஹெட்மிஸ்ட்ரஸைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிக்கறதா? பின்னே யாரு பயப்படுவா?"

ஹெட்மிஸ்ட்ரஸ் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. "என்னைப் பயந்து யாரும் தமிழ் படிக்கண்டா சார். இவளுக்குச் சப்தம் திரும்பி வர்ற வரைக்கும் என் சப்தம் இவளோடதாக்கும். படிப்பிக்கிறது இவள்தான்."

அவ்வளவுதான். சாக்பீஸும் கையுமாக நின்றபடி உடைந்து அழுதேன். இத்தனை நாள் எங்கே ஒளிந்திருந்ததோ அந்தக் குரல், வகுப்பே திடுக்கிடும்படி அழுகையாக வெளியே வந்தது.

இன்ஸ்பெக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சப்தம் உண்டல்லோ! பின்னே என்ன?" என்று முணுமுணுத்துவிட்டு, நின்ற இடத்திலேயே என்னை நிரந்தரமாக்கிக் கையெழுத்துப் போட்டார்.