மரைக்காரின் வலக்கை

மருதமுனைப் பளீல் கொழும்பில் இரண்டு வருடம் உடற்பயிற்சி வைத்தியம் படித்து, 1955இல் ஊர்ப்பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரிக்கு வேலைக்கு வந்தான். எண்ணெய் தேய்க்கமாட்டான், மருந்து தரமாட்டான். நாடாவும் இரும்புப் பாகைமானியுமாக ஆளை அளப்பான். ஊர் அவனுக்குத் 'தையல்காரன்' என்று பெயர் வைத்தது.

மீராசா மரைக்காரை அவர் மனைவி சல்மா உம்மாதான் இழுத்து வந்தார். மாட்டுவண்டியிலிருந்து விழுந்த மரைக்காருக்கு மூன்று மாதமாக வலக்கை உயரவில்லையாம். தண்ணீர் அள்ளுவது, நெல் குற்றுவது, சோறு பிசைந்து அவருக்கு ஊட்டுவது எல்லாம் சல்மா உம்மா. பள்ளிவாசல் கூட்டங்களை மட்டும் மரைக்கார் தவறவிட்டதில்லை. அங்கே வாய்க்குத்தானே வேலை!

"சேட்டைக் கழட்டுங்க, மரைக்கார்."

"கை உசந்தாத்தானேடா கழட்டுறதுக்கு?"

சல்மா உம்மா எட்டிச் சட்டையைக் கழற்றினார். எட்டும்போது சல்மா உம்மாவின் முகம் சுளித்ததைப் பளீல் கண்டான்.

மரைக்காரின் இரு புயங்களையும் அளந்தான். மூன்று மாதம் சும்மா கிடந்த கை மெலிந்திருக்க வேண்டும். வலக்கையோ இடக்கையைவிடக் கொழுத்திருந்தது. உயர்த்தச் சொன்னான். நெஞ்சுவரை வந்து, "யா அல்லாஹ்!" என்ற சத்தத்தோடு விழுந்தது.

"ராத்தா, நீங்க உசத்துங்க பாப்பம்," என்றான் சல்மா உம்மாவிடம்.

"எனக்கென்ன வருத்தம்?" என்றபடி சல்மா உம்மா உயர்த்தினார். தோள்மட்டத்தோடு கை நின்றுவிட்டது. உதட்டைக் கடித்தார். பிறர் தூக்கினால் மேலே போகுமா என்று பார்க்கப் பளீல் ஓரடி முன்னே வைத்தான்.

மரைக்கார் துள்ளி எழுந்தார். "அந்நிய ஆம்பிளை நீ தொடுறதா? அவள் சும்மா நடிக்கிறாள். இஞ்ச பாரடி, இப்பிடி உசத்து!"

அவரது வலக்கை காதை உரசிக்கொண்டு கூரையைக் காட்டியது.

பளீல் பாகைமானியைப் பிடித்தான். "நூற்றெழுபது பாகை."

"அல்லாட குத்ரத்து, அவன்ட வல்லமை!" என்றார் மரைக்கார், கையை இறக்காமலே.

"ஓம்," என்றார் சல்மா உம்மா. "இண்டைக்குத் தண்ணிய நீங்களே அள்ளுங்க."

பளீல் தள்ளி நின்றே சல்மா உம்மாவுக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்தான். விரல்களைச் சுவரில் நடக்கவிட்டு, எட்டிய இடத்தில் தினமும் கரிக்கோடு போட்டார் சல்மா உம்மா. ஐந்து மாதத்தில் வலியில்லாமல் முக்காடு இழுக்க முடிந்தது.

மரைக்காரோ, ஆஸ்பத்திரிக்கு வந்த அன்றே, கொழும்பு இரும்பைக் காட்டியதும் கை எழும்பியதாகப் பள்ளிவாசலில் சொல்லிவிட்டார். மறுநாளே கை உயரவில்லை என்று பதினொரு பேர் அந்த இரும்பைத் தொட வந்து நின்றார்கள். கையை அளக்கச் சட்டையைக் கழற்றச் சொன்னதும் ஒன்பது பேர் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.